பேச்சுக்குழாய்

— சங்கு ஊதுறதைக் கொஞ்சம் நிறுத்துங்க கேப்டன்! நிமிஷத்துக்கொரு தரம் ஊதினா பாய்லர்ல நீராவி எங்க மிஞ்சும்?

— பேச்சுக்குழாய்ல கத்தாதய்யா நிக்கெல்ஸ், காது போகுது. எஞ்சின் ரூமை விட்டு மேல வந்து பாரு. நம்ம கப்பலோட மூக்கே எனக்குத் தெரியல. அப்படியொரு பனிமூட்டம். ஊதாம என்ன, பாடச் சொல்றியா?

— ஐயோ வேணாம். நீங்க பாடினா மீனெல்லாம் டென்மார்க் பக்கம் ஓடிடும்.

— ஆகட்டும். நீ கரியைப் போடு.

— போட்டுக்கிட்டேதான் இருக்கேன். கரியா இது? ஷ்டெட்டின் துறைமுகத்துல நம்ம தலையில கட்டினதுல பாதி மண்ணு. அதுல புகை வருமே தவிர... ச்சே, இந்த இருமல் வேற.

— மறுபடியுமா?

— தூசிதாங்க. அதை விடுங்க. கேளுங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ஃப்ளென்ஸ்பர்க் போய்ச் சேர்ந்ததும்...

— நிறுத்து! எஞ்சினை நிறுத்து!

— நிறுத்தியாச்சு. என்னங்க?

— இன்னொரு சங்கு. வலப்பக்கம். கிட்டக்க... பின்னால ஓட்டு! முழு வேகம்!

— ஓடுது, ஓடுது! கிடுகிடுன்னு ஆடுது பாருங்க! கேப்டன்? ...கேப்டன்! இருக்கீங்களா?

— இருக்கேன்.

— என்ன ஆச்சு?

— பெரிய கப்பல். மதில் சுவர் மாதிரி முன்னால கடந்து போச்சு. கையை நீட்டியிருந்தா தொட்டிருக்கலாம். மேல இருந்து ஒருத்தன்கூட எட்டிப் பாக்கலய்யா. நாம இங்க கிடந்ததே அவங்களுக்குத் தெரியாது.

— நம்ம கப்பல் வயித்துல முழுக்கச் செங்கல் சரக்கு. இடிச்சிருந்தா நேரா அடியில போய்த்தான் நின்னிருப்போம்.

— ஆகட்டும். மெதுவா முன்னால.

— மெதுவா முன்னால.

— என்னமோ சொல்ல வந்த.

— அது... நான் இறங்கிடுறேன் கேப்டன். ஃப்ளென்ஸ்பர்க்ல. திரும்ப ஏற மாட்டேன். அங்க பீர் ஆலையில பாய்லர் பாத்துக்கிற வேலை கிடைச்சிருக்கு. ஆடாத தரை. ஜன்னல்கூட இருக்காம்.

— பிரஷர் எவ்வளவு இருக்கு?

— அட, என்ன மனுஷனுங்க நீங்க! பதினேழு வருஷம்! ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்ததைவிட இந்தக் குழாய்ல பேசினதுதான் அதிகம். போறேன்னு சொல்றேன், பிரஷர் கேக்குறீங்க!

— சங்கு ஊதணும். அதான்.

— என் பொண்டாட்டி கெஸ்ஸா அழுதுட்டா, தெரியுமா? சந்தோஷத்துல. இனிமே சூப்பைச் சூடாவே குடிக்கலாம்னா.

— நல்ல பொம்பள. அவளைக் கண் கலங்காம வச்சுக்க.

— உங்களுக்குக் கோபம்.

— இல்லய்யா.

— புதுசா யாராவது வருவான். என்னைவிட நல்லாவே ஓட்டுவான்.

— வருவான். கீல் ஊர்க்காரன். வேலை தெரிஞ்சவன்தான், ஆனா வாயே திறக்க மாட்டானாம்.

— என்னது? ஆளையே பாத்தாச்சா? நான் இப்பத்தானே சொல்றேன்!

— சங்கு ஊதணும். பிரஷரைப் பாரு.

— பேச்சை மாத்தாதீங்க கேப்டன்! அந்த ஆலை மேனேஜரை நான் கண்ணால பாத்தது கிடையாது. ஆனா என் பேரைச் சொல்லித்தான் ஆள் அனுப்பினான். யாரு சொன்னதோன்னு நானும் கெஸ்ஸாவும் மண்டையை உடைச்சுக்கிட்டோம். நீங்கதானா?

— இந்தக் குழாய்ல இப்பல்லாம் உன் பேச்சைவிட உன் இருமல்தான் அதிகமா வருது. இன்னொரு குளிர்காலம் அந்தக் குழிக்குள்ள நீ தாங்க மாட்ட.

— யார்கிட்டயும் ஒரு உதவின்னு போய் நிக்காத ஆளு நீங்க. தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு, அவன் முன்னால...

— நின்னேன்.

— எனக்காகவா?

— ரெண்டு ஆளுக்குன்னுதான் கேட்டேன், நிக்கெல்ஸ். ஒரு இடந்தான் இருந்துச்சு.