கலெக்டரும் காணாமல் போன டின்னும்

பூனைகளுக்குப் பெயர் வைப்பதில் எனக்கு நல்ல கைராசி, மேடம். ஆராய்ச்சிக்கு வந்த பன்னிரண்டுக்கும் கோப்பில் வெறும் எண்தான். கூண்டைத் திறந்ததும் மற்ற கூண்டுகளை மேற்பார்வையிட்டுவிட்டுச் சாப்பிட உட்காரும் கிழட்டு மஞ்சளுக்குக் கலெக்டர் என்று பெயர் வைத்தது நான்தான்.

துறைத் தலைவர் நீங்களே கூப்பிட்டுப் பொடியைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஒளிக்க என்ன இருக்கிறது? அது மருந்துகூட இல்லை. குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவுக்குத் தீனி. ஒரு வேரிலிருந்து எடுத்த நார். ஆறு பூனைகளின் உணவில் அதைக் கலப்போம், மற்ற ஆறுக்குக் கிடையாது. தினமும் கழிவைப் பார்த்து ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண். மூன்று என்றால் நல்ல வயிறு. ஏழு என்றால் தரையைத் துடைக்க வேண்டும்.

பொடியை எடை போடுவது நான். மதிப்பெண் எழுதுவது என் தங்கை. ஆராய்ச்சியை நடத்தியவர் வெளியூரிலிருந்து வந்திருந்த பூனை டாக்டர். அவர்கள் இருவரும் காதலித்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு தட்டுக் கழிவின் மேல் தலையோடு தலை முட்டக் குனிந்துகொண்டு,

"இது மூணுதாங்க."

"நாலு போடுங்க. ஓரமெல்லாம் கலங்கலா இருக்கு பாருங்க."

"உங்க கண்ணுதான் கலங்கியிருக்கு."

சிரிப்பை அடக்க நான் தராசைத் துடைத்துக்கொண்டிருப்பேன். அம்மா போன பிறகு பதினாறு வருஷமாக நான் வளர்த்த பெண். அவள் ஒழுங்காகத் தலை வாரிக்கொண்டு வேலைக்கு வர ஆரம்பித்ததே அப்போதுதான்.

ஆறாவது வாரம் எல்லா மதிப்பெண்ணும் மூன்றில் நின்றுவிட்டது. நல்ல பாக்டீரியா பெருகிவிட்டது, முடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பலாம் என்றார் டாக்டர். மனிதர் இன்னும் பெண் கேட்கவில்லை. அதனால் அரை கிராம் பொடியை நான் ஐந்து கிராம் ஆக்கினேன். நல்ல பொருள்தானே. வயிறு உப்பி, ஆறு பூனைகளும் ஏழு மதிப்பெண்ணுக்குக் கொட்டின. காரணம் கண்டுபிடிக்க ஆராய்ச்சியை இரண்டு மாதம் நீட்டினார்கள்.

கலெக்டருக்கு மட்டும் வயதாகிவிட்டிருந்தது. இரண்டு நாள் சலைன் ஏற்றினோம். மூன்றாம் நாள் கண் திறக்கவில்லை. தங்கை அழுதாள், டாக்டர் தோளைக் கொடுத்தார். அன்று மாலையே என்னிடம் வந்து பெண் கேட்டார். கலெக்டர் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

என் வீட்டு மாடியில்தான் குடித்தனம் என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே சரி என்றார். போன வாரம் அவருக்குச் சொந்த ஊரில் வேலை கிடைத்துவிட்டது. சாமான்கூடக் கட்டிவிட்டார்கள்.

"அக்கா, நீயும் எங்ககூட வந்துடேன்."

"நான் வந்துட்டா பூனைங்கள யாருடி பாத்துப்பா?"

"அப்ப தினம் ஃபோன் பண்ணணும். அழக்கூடாது."

"நான் ஏண்டி அழறேன்?"

உண்மையிலேயே அழவில்லை. அடுப்படிக்குப் போய் அவளுக்குப் பிடித்த சூப் வைத்தேன். நீங்கள் அலமாரியில் தேடிக்கொண்டிருக்கிற பொடி டின் அங்கேதான் இருக்கிறது, உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில்.

பயணம் தள்ளிப்போய்விட்டது. தங்கைக்குச் சாதாரண வயிற்றுக் கோளாறுதான். ஆஸ்பத்திரியில் இரண்டாவது நாளாக சலைன் ஏறுகிறது. காரணம் பிடிபடவில்லை என்கிறார்கள். மாப்பிள்ளை பாவம், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான்தான் வேளா வேளைக்குச் சூப் கொண்டுபோய்ப் புகட்டுகிறேன். அக்கா கையால் என்றால்தான் அவளுக்கு இறங்கும். இதோ, ஃப்ளாஸ்க் மடியிலேயே இருக்கிறது. சீக்கிரம் விட்டீர்களானால் சூடாகக் கொடுத்துவிடுவேன்.

எவ்வளவு போட்டேன் என்று மட்டும் கேட்காதீர்கள், மேடம். பூனைகளுக்குத்தான் தராசு. சொந்தத் தங்கைக்குப் போய் யாராவது அளந்து போடுவார்களா?