உதடு ஒட்டாத மொழி

காதர் மைதீன்: அப்ப இவங்களுக்கு ‘ப’ கெடையாது, ‘ம’ கெடையாது...

சரஸ்வதி: ‘வ’வும் கெடையாது, சார். உதடு ஒட்டுற எதுவுமே கெடையாது.

காதர் மைதீன்: ஏன் டீச்சர், உதட்டுல புண்ணா?

சரஸ்வதி: முத்துக் குளிக்கிறவங்க. கயித்தப் பல்லுல கடிச்சுக்கிட்டே பேசணும். வாய மூடினா வார்த்தை வராது, தெறந்தா கயிறு நழுவிடும். அதுக்கு நடுவுல ஒரு பாஷை.

காதர் மைதீன்: அப்ப ‘அம்மா’வ எப்படிக் கூப்பிடுவாங்க?

சரஸ்வதி: ‘ஙே’.

காதர் மைதீன்: என்னது?

சரஸ்வதி: ஙே. பொறந்த குழந்தை அழுறத கேட்டிருக்கீங்கல்ல?

காதர் மைதீன்: கேட்டிருக்கேன், அஞ்சு தடவை. ஆனா இத இங்கிலீஷ்ல எழுதி மேல குடுக்கணுமே... எந்த எழுத்துல எழுதுறது?

சரஸ்வதி: சார், நான் ஸ்கூலுக்கு அரை நாள் லீவு போட்டுட்டு வந்திருக்கேன். இதுல என்ன தப்பு கண்டீங்க? ஒரு கதை எழுதுறேன். கதையில ஒரு தீவு. அங்க நாளியர்னு ஒரு ஜனம். அவங்களுக்கு ஒரு பாஷை. அவ்வளவுதான்.

காதர் மைதீன்: தப்புன்னு யாரு சொன்னா? நான் போலீஸே இல்ல லா, வெறும் இன்டர்பிரெட்டர். ஆனா நீங்களே யோசிங்க. கர்ஃபியூ எடுத்து நாலு நாள்தான் ஆகுது. தேக்காவுல ஒரு தையல்கடைய சோதனை போடுறாங்க. துணி மூட்டைக்குள்ள ஒரு நோட்டு. உள்ள பூரா தமிழ் எழுத்து, ஆனா ஒரு தமிழனுக்கும் புரியல. எங்க வெள்ளக்கார துரை என்ன நெனப்பாரு?

சரஸ்வதி: ரவிக்கை தைக்கக் குடுத்தேன். மறந்து வச்சுட்டேன்.

காதர் மைதீன்: மூட்டைக்குள்ள?

சரஸ்வதி: தையல்காரர் பத்திரமா எடுத்து வச்சிருப்பாரு.

காதர் மைதீன்: இருக்கும், இருக்கும்... உங்க தம்பி தருமலிங்கம்...

சரஸ்வதி: தெரியாது.

காதர் மைதீன்: நான் இன்னும் கேக்கவே இல்லையே!

சரஸ்வதி: எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க. துறைமுகத் தொழிலாளர் சங்கத்துல இருந்தான். போலீஸ் தேடுதுன்னு தெரிஞ்சதும் வீட்டுப் பக்கமே வரல. ரெண்டு வாரம் ஆச்சு.

காதர் மைதீன்: இந்த பாஷை அவருக்குத் தெரியுமா?

சரஸ்வதி: என்னத் தவிர யாருக்கும் தெரியாது.

காதர் மைதீன்: பேச ஆளே இல்லாத பாஷைக்கு இவ்வளவு இலக்கணமா... பதினஞ்சாம் பக்கத்துக்கு வாங்க. ‘தீரா கேனலி, தீரா கேனறு, தீரா கேனஞி’. மூணுக்குமே ‘படகு வந்தது’ன்னு அர்த்தம் போட்டிருக்கு.

சரஸ்வதி: கண்ணால பாத்திருந்தா ‘லி’. அடுத்தவங்க சொல்லிக் கேட்டிருந்தா ‘று’. நீங்களா ஊகிச்சிருந்தா ‘ஞி’. நடந்தத சொல்றப்ப இதுல ஒண்ணு போட்டே ஆகணும்.

காதர் மைதீன்: அட... அப்ப இந்தத் தீவுல போலீஸுக்கு வேலையே இருக்காது போலயே.

சரஸ்வதி: பொய் சொல்றவனும் ‘லி’தான் போடுவான், சார்.

காதர் மைதீன்: அதுவும் சரிதான். கடைசியா, நாப்பத்தோராம் பக்கம்...

சரஸ்வதி: அது பாட்டு.

காதர் மைதீன்: பொறுங்க டீச்சர். இதுல ‘லி’யும் இல்ல, ‘று’வும் இல்ல, ‘ஞி’யும் இல்ல. எல்லா அடியும் ‘தே’ன்னு முடியுது.

சரஸ்வதி: இயைபு. பாட்டுன்னா கடைசி எழுத்து ஒத்து வரணும்ல.

காதர் மைதீன்: எட்டாம் பக்கத்துல ‘தே’ன்னா கட்டளைன்னு இருக்கே. ‘நிதே’ன்னா ‘நில்லு’.

சரஸ்வதி: ...கட்டளையும்தான். படகுக்குச் சொல்ற பாட்டு. காத்து கெளம்புறதுக்குள்ள கரைக்கு வந்துடுன்னு.

காதர் மைதீன்: படிங்களேன், கேப்போம்.

சரஸ்வதி: ‘ஏலா, கூரா தெளி நிதே...’

காதர் மைதீன்: ஏலான்னா?

சரஸ்வதி: சின்னது. சின்னப் படகேன்னு...

காதர் மைதீன்: கூரா தெளி?

சரஸ்வதி: வானத்து ஓரம்.

காதர் மைதீன்: பன்னெண்டாம் பக்கத்துல ‘தெளி’ன்னா துறைன்னு எழுதியிருக்கீங்க. படகு கட்டுற துறை.

சரஸ்வதி: ரெண்டு அர்த்தம் உண்டு. தமிழ்ல இல்லையா? ஒரே சொல்லு, எத்தனை அர்த்தம்!

காதர் மைதீன்: அத எங்கிட்டயா சொல்றீங்க... ஆறு மாசம் முன்னாடி ஒருத்தரக் கூட்டிட்டு வந்தாங்க. சங்கக் கூட்டத்துல ‘ஒரு கை பாத்துடுவோம்’னு பேசியிருக்காரு.

சரஸ்வதி: நம்ம ஆளுங்க கேரம் ஆடுறப்பகூட சொல்றதுதானே அது.

காதர் மைதீன்: நான் இங்கிலீஷ்ல ‘அடிச்சு நொறுக்குவோம்’ங்கற மாதிரி எழுதிக் குடுத்துட்டேன். மணி அஞ்சாயிடுச்சு, வீட்டுக்குப் போற அவசரம்.

சரஸ்வதி: அப்புறம்?

காதர் மைதீன்: அப்புறம் என்ன... இன்னும் உள்ளதான் இருக்காரு. மறுநாளே திருத்தி எடுத்துட்டுப் போனேன். ஃபைல் மேல போயாச்சுன்னுட்டாங்க.

சரஸ்வதி: அவரு வீட்ல...?

காதர் மைதீன்: சம்சாரத்த மார்க்கெட்ல பாப்பேன். வெண்டைக்காய் பொறுக்கிக்கிட்டு நிப்பாங்க. அவங்களுக்கு என்னைத் தெரியாது. நான் அடுத்த கடைக்குப் போயிடுவேன்... சரி, எழுதி முடிச்சாச்சு. தமிழ்ல சொல்றேன், கேளுங்க. ‘இது சங்கேத மொழி அல்ல. ஆசிரியை ஒருவர் தம் கதைக்காகக் கற்பனை செய்தது. இலக்கணம் ஒழுங்காக உள்ளது. நாற்பத்தோராம் பக்கத்தில் இருப்பது படகுப் பாட்டு.’ கீழ ஒரு கையெழுத்து போடுங்க.

சரஸ்வதி: அவ்வளவுதானா?

காதர் மைதீன்: வேற என்ன, பரிசா குடுப்பாங்க? இந்தாங்க, உங்க நோட்டு.

சரஸ்வதி: திருப்பித் தர்றீங்களா!

காதர் மைதீன்: துரை ஒரு தடவை புரட்டிப் பாத்தாச்சு. அவருக்கு எல்லாமே ஜிலேபி சுத்தின மாதிரிதான் தெரியுது.

சரஸ்வதி: ரொம்ப நன்றி, சார். நான் வர்றேன்.

காதர் மைதீன்: ஒரு நிமிஷம்... அந்தக் கதவச் சாத்துங்க.

சரஸ்வதி: ...சாத்திட்டேன்.

காதர் மைதீன்: இந்த நோட்டு எங்கிட்ட வந்து மூணு நாளாச்சு, டீச்சர். வந்த அன்னைக்கே அந்தப் பக்கத்தப் படிச்சுட்டேன். ‘தம்பி, வடக்குத் துறையில நில்லு. வெள்ளிக்கிழமை விடியறப்ப அக்கரை ஜொகூருக்குப் போற படகு வரும். ஏறிக்கோ.’

சரஸ்வதி: அது பாட்டு, சார்.

காதர் மைதீன்: பாட்டுதான். ரிப்போர்ட்டும் அப்படித்தான் சொல்லுது. ஆனா பாட்டுல அந்தத் துறைய மட்டும் மாத்திடுங்க. வெள்ளிக்கிழமை அந்த வடக்குத் துறையில, பொங்கோல்ல, போலீஸ் ஆள் போடுறாங்க.

சரஸ்வதி: ...இதச் சொல்லிப் பாக்கச் சொல்லி உங்கள அனுப்பினாங்களா?

காதர் மைதீன்: இல்ல.

சரஸ்வதி: நான் எப்படி நம்புறது?

காதர் மைதீன்: அதுக்கு எந்த பாஷையிலயும் ஒரு விகுதி கெடையாதே, டீச்சர். நம்ப முடியலன்னா விட்டுடுங்க. ஸ்கூலுக்கு நேரமாகுது, போங்கம்மா.

சரஸ்வதி: சார்... தம்பிக்கு நீச்சல் தெரியாது. அலை கம்மியா இருக்குற துறை எதுன்னு நீங்களே சொல்லுங்க, எழுதிக்கிறேன்.