தலைவரின் ஆடும் பல்

அவைக்குத் தலைமையேற்று, அதிசயமாக இன்று வாய்மூடி வீற்றிருக்கும் பேச்சாளர் சங்கத் தலைவர், என் அண்ணன் அவர்களே! அவருக்கு ஆண்டாண்டு காலமாகக் காது கொடுத்த தியாகத் திருவிளக்கே, அண்ணி அவர்களே! ஆன்றோர்களே, தாய்மார்களே, அரை மண்டபத்தை அடைத்திருக்கும் காலி நாற்காலிகளே! பல் டாக்டரான இந்தத் தங்கையின் பணிவான வணக்கம்.

தலைவர் ஏன் பேசவில்லை? அரங்கங்களை ஆட்டிய வாயில் முன்பல்லே ஆடுகிறது! பேச்சே பிழைப்பான மனிதர். பல் போனால் பிழைப்பும் போகும்.

ஆட்டியது யார்? "கிருமி!" என்கிறார் அங்கே ஒரு பெரியவர். அவசரப்படாதீர்கள் ஐயா! கிருமி வந்து ஈறோரம் குந்தியது உண்மை. அதை விரட்டக் கிளம்பிய நம் உடம்பே, திசுவைக் கரைக்கும் என்சைம்களை அவிழ்த்துவிட்டு, பல்லைப் பிடித்திருக்கும் நார்களை அரித்தது. கிருமி கீறியது கொஞ்சம். காவல் கிழித்தது ஏராளம்!

ஈறுகளைச் சுத்தம் செய்து, டாக்சிசைக்ளின் என்னும் ஆன்டிபயாடிக்கை, கிருமியைக் கொல்லும் அளவுக்கும் குறைவாகக் கொடுத்தேன். அண்ணன் கொதித்தார்.

"ஏம்மா, மாநாடு நடத்துறவனுக்கு இத்தினியூண்டு மாத்திரையா? கூண்டோட ஒழிக்க வேணாமா?"

"அண்ணா, இது கொல்ல வந்த மாத்திரை இல்ல. உங்க என்சைம் கையைப் பிடிச்சு, 'போதும், உட்காரு'ன்னு சொல்ல வந்தது. வீக்கம் வடியும், மிச்ச நார் பிழைக்கும்."

கேட்டாரா? ஒரு வாரத்து மாத்திரையை ஒரே நாளில் விழுங்கினார்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டவரை அண்ணிதான் அள்ளிக்கொண்டு வந்தார். சிரியுங்கள் அண்ணி, உங்களுக்கு இல்லாத உரிமையா!

சிரித்தவர்களே, சிந்தியுங்கள்! போன மாதம் இதே மண்டபத்தில் ஒரே ஒருவர் எழுந்து, "தலைவர் பேச்சு ரொம்ப நீளம்" என்றார். தலைவர் என்ன செய்தார்? சொன்னவரை நீக்கினார். அதற்குக் கைதட்டியவரை நீக்கினார். பக்கத்தில் உட்கார்ந்தவரை நீக்கினார். தூங்கியவரையும், 'ஒத்துக்கொண்டு தூங்கினார்' என்று நீக்கினார்!

அண்ணா, பல் இன்னும் விழவில்லை. நாரில் பாதி மிஞ்சியிருக்கிறது. சங்கத்திலும் பாதிதான் மிஞ்சியிருக்கிறது. பல்லுக்கு என்னிடம் மாத்திரை உண்டு, சங்கத்துக்கு இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. போனவர்களைக் கூப்பிடுவீர்களா?

என்ன? மைக்கில் சொல்லுங்கள்!

"கூப்பிடறேம்மா. நீ முதல்ல உட்காரு. உன் பேச்சும் நீளம்."

கேட்டீர்களா? என்னை நீக்கவில்லை, உட்காரத்தான் சொன்னார்! மருந்து வேலை செய்கிறது. தட்டிய கைகளுக்கும், தூங்கினாலும் இனிப் பயமில்லாத கண்களுக்கும் நன்றி கூறி, உட்காருகிறேன். வணக்கம்!