மாடிக் குளியலறைக் குழாயைத் திறக்காதது குறித்து

முதல் தாளில் எழுதப்பட்டுள்ள பெயரும் முகவரியும் என்னுடையவை. எனக்கு வயது ஐம்பத்தேழு. ஒரு சலவைக்கூடத்தில் துணி மடிக்கும் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். என் கணவர் வாதம் வந்து நான்கு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். பிள்ளைகள் இல்லை. சென்ற மாதம் பன்னிரண்டாம் தேதி இதே வழக்கில் ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில் ஒரு பகுதி உண்மையல்ல. அதனால் இன்று யாரும் அழைக்காமல் நானாகவே வந்திருக்கிறேன்.

என் கூடப் பிறந்தவன் ஒரே தம்பி. இரண்டு தெரு தள்ளி மாடி வீட்டில் இருக்கிறான். அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டதால் அவனும் அவன் மனைவியும் வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போய் பத்து மாதம் அங்கேயே அறை எடுத்துத் தங்கினார்கள். சிறுநீரகம் கொடுத்தது அவன் மனைவிதான். புறப்படும் நாளன்று வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்து, வாரம் ஒரு முறை போய் எல்லாக் குழாயையும் திறந்து கொஞ்ச நேரம் ஓட விட வேண்டும், மாடிக் குளியலறை ஹீட்டரைப் போட்டு அந்தத் தண்ணீரையும் ஓட விட வேண்டும் என்று தம்பி சொன்னான். தேங்கின தண்ணீரில் கிருமி வளரும், ஆபரேஷன் ஆனவர்களுக்கு அது ஆகாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். நான் சரி என்றேன்.

முதல் ஏழு வாரம் சொன்னபடியே செய்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு மணி நேரம் என் கணவரைப் பார்த்துக்கொள்வார். அந்த நேரத்தில் போய்த் திரும்புவேன். எட்டாவது வாரம் வீட்டைத் திறந்ததும் கால் வலித்ததால் சோபாவில் உட்கார்ந்தேன். அப்படியே தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தபோது நேரமாகிவிட்டிருந்தது. கதவைப் பூட்டிக்கொண்டு ஓடினேன். அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் போனேன். பூட்டைத் திறந்தேன், குழாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டில் என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுச் சோபாவில் படுத்துக்கொள்வேன். தண்ணீர் ஓடும் சத்தம் இருந்தால் தூக்கம் வராது. ஞாயிறு சாயங்காலம் தம்பி போன் செய்து, "தண்ணி தொறந்து விட்டியாக்கா?" என்று கேட்பான். "விட்டாச்சுடா, நீ ஒடம்பப் பாரு" என்பேன். இப்படி எட்டு மாதத்துக்கு மேல் நடந்தது.

அதன் பிறகு அவர்கள் திரும்பி வருவதற்கு மூன்று நாள் முன்னால், வீட்டுத் தண்ணீரை ஒரு பிளம்பரை வைத்துச் சுத்தம் செய்யுங்கள் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் எனக்கே போன் செய்து சொன்னார். நான் எங்கள் பகுதி பிளம்பரைக் கூப்பிட்டேன். அவரை எல்லோரும் வாஷர் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து வாஷர் கிடக்கும். அவர் மொட்டைமாடித் தொட்டியைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, மருந்து போட்டு, மறுபடி நிரப்பினார். கீழே சமையலறையிலும் குளியலறையிலும் குழாய் முனைகளைக் கழற்றிக் கழுவி, ஜன்னல்களைத் திறந்து வைத்துத் தண்ணீரை ஓட விட்டார். அதன் பிறகு இருவரும் மாடிக்குப் போனோம். ஹீட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு அவர் என்னிடம், "ஏம்மா, இதுல பத்து மாசமா தண்ணி நின்னுச்சா, இல்ல வாராவாரம் ஓடுச்சா? நின்னுருந்தா இதக் கழட்டி அடியில இருக்கற வண்டல எடுக்கணும், ஷவரையும் மாத்தணும். அரை நாள் வேல" என்றார். என் கணவருக்கு மருந்து கொடுக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. "வாராவாரம் நாந்தான் ஓட்டினேன்" என்றேன். "அப்பக் கவலையில்ல" என்று சொல்லிவிட்டு அவர் ஐந்து நிமிடம் தண்ணீரை ஓட விட்டு, பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார். நான்தான் பொய் சொன்னேன்.

தம்பி வந்த அன்று மாடியில் வெந்நீர் ஷவரில் குளித்தான். பத்து மாதத்துக்குப் பிறகு சொந்த வீட்டில் குளிக்கிறேன் என்று வெகு நேரம் நின்றான். நான் கீழே இருந்தேன். மேலே போய் வேண்டாம் என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. ஆறாம் நாள் காய்ச்சலும் இருமலும் வந்து, மூச்சு விட முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நுரையீரலில் கிருமி என்றார்கள். சுகாதாரத் துறையினர் வந்து தண்ணீர் எடுத்துப் போய், அதே கிருமி மாடி ஹீட்டரிலும் ஷவரிலும் மட்டும் இருந்ததாகச் சொன்னார்கள். அதன் பிறகு தம்பி மனைவி, பிளம்பர் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று புகார் கொடுத்தாள். பிளம்பர், அந்தம்மா வாராவாரம் ஓட்டினதாகச் சொன்னார்கள் என்று சொல்லியிருக்கிறார். அன்று அதிகாரி என்னிடம் கேட்டதற்கு, அப்படிப் பேசியதாக ஞாபகம் இல்லை என்றேன். அதுதான் முதல் வாக்குமூலத்தில் உண்மையல்லாத பகுதி.

தம்பி பிழைத்துக்கொண்டான். ஆனால் வைத்த சிறுநீரகம் கெட்டுவிட்டது. தம்பி மனைவி கொடுத்தது போனது போனதுதான் என்று டாக்டர் வராந்தாவில் வைத்துச் சொன்னார். அவள் அழவில்லை. "அண்ணி, நீங்க வீட்டுக்குப் போங்க, அண்ணன் தனியா இருப்பாரு" என்றாள்.

போன வாரம் சலவைக்கூடத்துக்குப் போகும் வழியில் பிளம்பரைப் பார்த்தேன். விசாரணை முடியும்வரை யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லையாம். கட்டடத்தில் கல் சுமக்கப் போய்க்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "தம்பி எப்படிம்மா இருக்காரு?" என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அதன் பிறகு நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய்த் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் மாஸ்க்கை இறக்கிவிட்டு, "இத எதுக்குக்கா இப்பச் சொல்ற? நீ உள்ள போயிட்டா அத்தான யாரு பாக்கறது? அந்த ஆளு மேலயே இருந்துட்டுப் போகட்டும்" என்றான். அவனுக்கு என்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். தம்பி மனைவி கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கிளம்பும்போது கூடவே லிஃப்ட் வரை வந்தாள். "நாளைக்குக் காலையில நான் வந்து அண்ணன் பக்கத்துல இருக்கேன். நீங்க போயிட்டு வாங்க" என்றாள். இப்போது என் வீட்டில் அவள்தான் இருக்கிறாள்.

இதை எழுதி முடித்ததும் எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். குழாய்களைத் திறக்க மறந்துவிட்டேன் என்று ஓரிடத்தில் எழுதியிருந்தார். அது என்மேல் இரக்கப்பட்டு எழுதியது என்று நினைக்கிறேன். மறக்கவில்லை, தெரிந்தே திறக்கவில்லை என்று அதைத் திருத்தச் சொன்னேன். அவர் அடித்துத் திருத்தி எழுதினார். மேலே உள்ளது முழுவதும் நான் சொன்னதே, உண்மையே. என்னை யாரும் மிரட்டவோ சொல்லிக்கொடுக்கவோ இல்லை. திருத்திய இடத்தில் ஒன்றும், இதன் கீழே ஒன்றுமாக இரண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)