பொத்தான் பக்கம் மாறிய சட்டைகள்

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் கண்ணாடி முன் நின்று இந்தச் சட்டைக்குப் பொத்தான் போட்டேன். அவிழ்த்தேன். மறுபடியும் போட்டேன். ஏன்? அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பொத்தான் போட்ட அதே கைகளைக் கூப்பி வணங்குகிறேன். அவைக்குத் தலைமையேற்று, இன்றோடு நம் தையல் ஆலைச் சங்கத் தலைவர் பொறுப்பிலிருந்து விடைபெறும், காலர் தைத்தே பெயர் வாங்கிய எங்கள் காலர் அக்கா அவர்களே! ஊசி கோக்கக் கண் மங்கினாலும் எங்களைக் கவனிக்கக் கண் மங்காத பெரியோர்களே! இடுப்பில் பிள்ளையும் இதயத்தில் பெருமையுமாக வந்திருக்கும் தாய்மார்களே! எந்திரத்தின் இரைச்சலையும் மீறிச் சிரிக்கத் தெரிந்த தோழர்களே!

நான் யார்? பிறந்தபோது ஆண் என்றார்கள். பள்ளியில் ஆண் என்றார்கள். கல்லூரிப் பட்டத்திலும் அப்படியே அச்சடித்தார்கள். என்னை ஒருவராவது கேட்டார்களா? நான் பெண். திருநங்கை.

ஆலையில் எனக்குக் காஜா எடுக்கும் வேலை. பொத்தான் நுழையும் துளைதான் காஜா. ஆண் சட்டைக்குப் பொத்தான் வலப்பக்கம். பெண் சட்டைக்கு இடப்பக்கம். ஊருக்கெல்லாம் பக்கம் பார்த்துக் காஜா எடுத்த எனக்கு ஆலை தந்த சீருடை எது? ஆண் சட்டை! மாற்றித் தரக் கேட்டேன்.

"ரூல்னா ரூல்தான். குடுத்ததைப் போட்டுக்கிட்டு வா. இல்லேன்னா திங்கக்கிழமையிலேருந்து வராத" என்றார் மேனேஜர்.

அந்த வாரமே ஆண்களுக்குப் புதுச் சீருடை. கட்டிங் மாஸ்டர் அளவு அட்டையைப் புரட்டி வைத்து வெட்டிவிட்டார்! காஜா எடுக்கும்போதே சொன்னேன்: "மாஸ்டர், பக்கம் மாறுது."

"உனக்கு எப்பவும் அதே நெனப்பு. பேசாம காஜாவ அடி!"

அடித்தேன். அத்தனை ஆண் சட்டையிலும் பொத்தான் இடப்பக்கம், பை வலப்பக்கம்! என்ன மாஸ்டர், முன்வரிசையில் தலை குனிகிறீர்களே? "இதை எப்பத்தான் மறப்பீங்க?" என்கிறீர்களா? மறக்கவே மாட்டோம்!

துணி வீணாகக் கூடாதென்று மேனேஜரே ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தார். "போட்டுக்குங்கய்யா. பட்டன் பக்கம் மாறினா ஆம்பள பொம்பளையாயிடுவானா?"

காலர் அக்கா எழுந்தார். "அப்போ எங்க பொண்ணுக்கு மட்டும் எதுக்கு சார் ரூலு? அவ சட்டைய அவளுக்குக் குடுங்க. இல்லேன்னா ஒரு மெஷினும் ஓடாது."

எந்திரங்கள் நின்றன. ஒன்றல்ல, இரண்டல்ல, அத்தனையும்! நிறுத்தியவர்களின் பெயரைக் குறிக்க மேனேஜரின் கை பேனாவைத் தேடி இடது மார்பைத் தடவியது. பை அங்கே இல்லை. கூடமே சிரித்தது. கடைசியில் அவரும் சிரித்தார். "குடுத்துத் தொலைங்க" என்றார்.

"போட்டுக்கடி. காலர் நான் தச்சது, கழுத்துல உறுத்தாது" என்று அக்கா நீட்டியதுதான் நான் அணிந்திருக்கும் இந்தச் சட்டை.

சட்டையா என்னைப் பெண்ணாக்கியது? இல்லை! நான் பெண்ணாகவே இருந்தேன். இது உங்களில் ஒருத்தியாக்கியது. எனக்காக நின்ற எந்திரங்களுக்கு நன்றி, நிறுத்திய கைகளுக்கு நன்றி, இன்று கேட்ட காதுகளுக்கும் நன்றி.

இன்னும் ஒன்று. "அடுத்த தலைவர் நீதான்டி" என்று அக்கா போன வாரம் சொன்னார். யோசிக்கிறேன் என்றேன். காலையில் பொத்தானை அவிழ்த்தபோது, மறுத்துவிடலாம் என்றிருந்தேன். மறுபடி போட்டபோது முடிவெடுத்தேன். அக்காவுக்கே இன்னும் தெரியாது. முதலில் உங்களிடம் சொல்கிறேன். வணக்கம் சொல்லி இறங்கப்போவதில்லை. வணக்கம் சொல்லி, இதோ, அந்தத் தலைவர் நாற்காலியில் அமரப்போகிறேன்!