இடது எஞ்சினின் பின்பக்க நட்டு

என் பெயரும் தந்தை பெயரும் மேலே பதிந்திருப்பது சரி. வயது நாற்பத்தெட்டு. திருமணம் ஆகாத பெண். என் தம்பிக்குச் சொந்தமான பழைய உல்லாசப் படகில் சமையலும் துப்புரவும் பார்த்துக்கொண்டு, அதன் முன்பக்கச் சிற்றறையிலேயே குடியிருக்கிறேன். முகவரி வேண்டுமானால் படகுத்துறை, கடைசி மேடை என்று எழுதிக்கொள்ளலாம். தம்பி கொடுத்த புகாரின் பேரில் நேற்று முதல் இந்தக் காவல் நிலையத்தில் வைக்கப்பட்டிருக்கும் மெக்கானிக்கை எனக்குத் தெரியும். அவரைப் பற்றிச் சாட்சி சொல்ல என்னை அழைத்தார்கள். நான் சொல்லப்போவது சாட்சியில் சேருமா, வேறு எதிலாவது சேருமா என்பதை இன்ஸ்பெக்டர் ஐயாதான் முடிவு செய்ய வேண்டும்.

படகு எங்கள் அப்பா காலத்தது. அதன் இரண்டு எஞ்சின்களும் புகை கக்கி, வாடகைக்கு வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போகும் நிலை வந்ததால், புது எஞ்சின்கள் போட தம்பி இந்த மெக்கானிக்கை அழைத்து வந்தான். எஞ்சின்களை முதலில் வைத்துவிட்டு அவற்றைச் சுற்றித்தான் படகைக் கட்டியிருந்தார்கள். ஆகவே கூடத்தின் தரையையும் கூரையில் ஒரு பகுதியையும் அறுத்துத்தான் பழையவற்றைக் கிரேனில் தூக்க முடிந்தது. புதியவை இறங்கிய பிறகு படகைத் தண்ணீரில் விட்டு, மேடையில் கட்டி வைத்து மீதி வேலையைச் செய்தார். அதுவரை தரையை மூடவில்லை.

நான் சமையலறைக்குப் போக அந்தப் பள்ளத்தின் ஓரமாகத்தான் போக வேண்டும். ஒரு நாள் உள்ளேயிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து, "அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பானரைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க" என்றது. நான் பத்தொன்பதைக் கொடுத்தேன். "இது உங்க தம்பி மண்டைக்குச் சரியா இருக்கும், நட்டுக்குப் பெருசு" என்றார். நான் சிரித்துவிட்டேன். அப்படிச் சிரித்தது எனக்கே புதிதாக இருந்ததால் குறிப்பிடுகிறேன்.

அதன் பிறகு தினமும் பள்ளத்தின் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, கேட்டதை எடுத்துக் கொடுத்து வந்தேன். அப்பா படுக்கையில் விழுந்த காலத்திலிருந்து என்னிடம் எல்லோரும் கேட்டது சோறு, தண்ணீர், துவைத்த துணி. இன்னொருவர் வேலையில் என் கையும் சேர்ந்தது அப்போதுதான். அவர் மனைவியை இழந்தவர் என்பதை அவராகவே சொன்னார். நான் கேட்கவில்லை, கேட்க ஆசையாக இருந்தது.

எஞ்சினின் தட்டும், புரொப்பெல்லர் சுற்றும் ஷாஃப்ட்டின் தட்டும் முகத்தோடு முகம் பொருந்தியிருக்க வேண்டும் என்றும், கரையில் வைத்துப் பொருத்தியது தண்ணீரில் மாறிவிடும் என்பதால் படகு நன்றாக உட்கார்ந்த பிறகே கடைசியாகச் சரிபார்க்க வேண்டும் என்றும் அவர் எனக்கு விளக்கியிருந்தார். இடைவெளியை அளக்க மெல்லிய தகடுகளை இடையில் விட்டுப் பார்ப்பார். ஒரு நாள் மாலை பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா உட்கார்ந்துடுச்சு. நாளைக்கு ஓட்டிப் பார்த்துட்டு உங்க வீட்டுத் தரையை மூடிடலாம்" என்றார். தம்பிக்கு ஒரே சந்தோஷம். எனக்கு அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது கூடத் தெரியவில்லை.

அவர் போன பிறகு நான் பள்ளத்தில் இறங்கி, இடது எஞ்சினைப் படகோடு பிணைக்கும் பின்பக்கக் காலில் இருக்கும் நட்டைத் தளர்த்தினேன். எந்த ஸ்பானர் என்று எனக்கு இப்போது தெரியும். முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்டது போலத்தான் என்று தெரிந்தேதான் செய்தேன். யாரும் தூண்டவில்லை.

மறுநாள் அவர் வந்து தகட்டை விட்டுப் பார்த்தார், குனிந்து அந்த நட்டையும் பார்த்தார். பிறகு தம்பியிடம், "படகு இன்னும் தண்ணியில உட்காரலை. நான் பார்த்துச் சொல்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணிடாதீங்க" என்றார். அன்று முழுவதும் மறுபடி பொருத்தினார். மாலையில் நான் மறுபடி தளர்த்தினேன். இப்படியே பல நாட்கள் நடந்தது. "என்னய்யா, படகு உட்காருதா, இல்ல நீதான் உட்கார்ந்துட்டியா?" என்று தம்பி கத்துவான். அவர் கோபப்பட மாட்டார். என்னைப் பார்த்து, "இந்த ஒரு நட்டு மட்டும் ரொம்பப் பிடிவாதம்" என்பார்.

நேற்றுக் காலை மெக்கானிக் வருவதற்கு முன்பு, நான் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில், தம்பி பொறுமையிழந்து படகைத் தனியாக வெளியே ஓட்டிச் சென்றிருக்கிறான். நான் திரும்பி வந்தபோது மேடை காலியாக இருந்தது. காய்கறிப் பையை அங்கேயே போட்டுவிட்டேன். இடது எஞ்சின் நகர்ந்து, ஷாஃப்ட் வளைந்து, பின்பக்கம் தண்ணீர் ஏறிய பிறகு, வேறு படகில் கட்டி இழுத்து வந்தார்கள். தம்பிக்கு அடி எதுவும் இல்லை. கரையேறியதும் அவன், மெக்கானிக் வேண்டுமென்றே கெடுத்து வைத்ததாகப் புகார் கொடுத்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான் நடந்தது. இந்தப் பெயரோடு போனால் அவருக்கு இந்தத் துறையில் இனி யாரும் ஒரு போல்ட்டைக் கூடத் தொடக் கொடுக்க மாட்டார்கள்.

இவ்வளவையும் நான் சொன்ன பிறகு, ஐயா மெக்கானிக்கின் வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். நட்டை முடுக்க மறந்தது தானே என்றும், படகில் வேறு யாருக்கும் இதில் சம்பந்தமில்லை என்றும் அதில் இருக்கிறது. அது உண்மையல்ல.

பிறகு ஐயா இன்னொன்றும் சொன்னார். முடுக்கிய நட்டின் மேல் மெக்கானிக்குகள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுப்பார்களாம், யாராவது திருப்பினால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடுமாம். மற்ற நட்டுகளில் ஒரே ஒரு கோடு இருக்கிறது, இந்த நட்டில் மட்டும் மஞ்சள் பெயின்ட் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாகத் தடித்துக் கிடக்கின்றன என்றார். எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தேன்.

முதல் நாளே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் தினமும் வந்து, முடுக்கி, புதிதாகக் கோடு இழுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் தளர்த்தவே வேண்டாம், சும்மாவே வாருங்கள் என்று சொல்லியிருப்பேன்.

மேலே உள்ளதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். தம்பி வாசலில் நிற்பது தெரிந்தும் உரக்கவே வாசிக்கச் சொன்னேன். மெக்கானிக்கைக் காப்பாற்ற இதில் ஒரு பொய்யும் சொல்லவில்லை, என் மானத்தைக் காப்பாற்ற ஒரு உண்மையையும் மறைக்கவில்லை. முழு நினைவோடு, சொந்த விருப்பத்தோடு கையெழுத்திடுகிறேன். அவருடைய வாக்குமூலத்தை அவருக்கு வாசித்துக் காட்டும்போது, என்னுடையதையும் சேர்த்து வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(கையொப்பம்)