எண்பத்தொண்ணு

— ஃபோன் அடிக்குது மிஸ் கொரின். மூணாவது தடவை. எடுங்க.

— அடிக்கட்டும். டைரக்டர் பிரான்ட்தான். நீ முதல்ல கதவைச் சாத்து, ஒடெஸா.

— சாத்திட்டேன். கார்ட்டூன் ஓடிச்சா? எங்க பொண்ணு வந்தாளா?

— வந்தா. பள்ளிக்கூட வாசல்ல முப்பது பிள்ளைங்க. நடுவுல அவ ஒருத்தி மட்டும் பழுப்பா, கயிறு தாண்டிக்கிட்டு. அங்கயே படத்தை நிறுத்திட்டார். இது யார் வேலைன்னு கேட்டார்.

— ரிப்பன் சிவப்பு நல்லா எடுத்துச்சா? அதைச் சொல்லுங்க முதல்ல.

— கூரையே பத்தி எரியுது, நீ ரிப்பனைக் கேக்குற.

— நூத்திப்பன்னிரண்டு கண்ணாடித் தாள். ஒவ்வொண்ணும் இந்தக் கையால பெயிண்ட் அடிச்சது. கேக்க மாட்டேனா?

— நல்லா இருந்துச்சு. போதுமா? இப்போ கேளு, ஒரு வழி இருக்கு. தாளைத் திருப்பிப் போட்டு முதுகுப் பக்கம்தானே பெயிண்ட் அடிக்கிறோம்? முன்பக்கம் எழுதின பெயிண்ட் நம்பர் பதினெட்டு, பின்னாலருந்து பார்த்தா எண்பத்தொண்ணாத் தெரியும். பதினெட்டு ரோஸ், எண்பத்தொண்ணு பழுப்பு. ஏமாந்துட்டேன்னு சொல்லு. புதுசா வர்ற எல்லாரும் செய்யற தப்புதான். உன் வேலை தப்பிச்சிடும்.

— வேலை தப்பிக்கும். அவ?

— அவளுக்கு நாளைக்குக் காலைல ரோஸ் அடிச்சிடுவாங்க.

— அப்போ சொல்ல மாட்டேன்.

— இந்தப் பெயிண்ட் ஹாலுக்கு வேலைக்கு வந்த முதல் கறுப்புப் பொண்ணு நீ. எட்டு மாசம்தான் ஆகுது. பிடிவாதம் பிடிக்காதே.

— எங்க கறுப்பு ஜனங்க குடியிருக்கிற சென்ட்ரல் அவென்யூ தியேட்டர்ல சனிக்கிழமையானா கார்ட்டூன் போடுவான். எங்க ஆளு வந்தா கோழி திருடுவான், இல்ல பேயைப் பார்த்து நடுங்குவான். வாய் மட்டும் வாளி அகலத்துக்கு. என் தம்பி சீட்டுக்கு அடியில போய் உக்காந்துப்பான். ஒருத்தியாவது சும்மா கயிறு தாண்டி நான் பார்த்ததில்ல. இவ தாண்டுறா. யாரும் சிரிச்சாங்களா?

— இல்ல. ஒருத்தரும் சிரிக்கல.

— அது போதும் எனக்கு. இன்னொண்ணும் சொல்லிடறேன். நான் பின்னாலருந்து படிக்கல. ஒவ்வொரு தாளையும் முன்பக்கம் பார்த்துட்டுத்தான் அடிச்சேன். முன்பக்கமே எண்பத்தொண்ணுதான் போட்டிருந்துச்சு. உங்க கையெழுத்து. எட்டோட இடுப்பை ஒடிச்சுப் போடறது நீங்க ஒருத்தர்தான்.

— மெதுவாப் பேசு.

— ஒரு தாள்ல கை தவறலாம். நூத்திப்பன்னிரண்டுலயுமா தவறும்?

— கேளு ஒடெஸா, இதை விட்டுடு.

— விட மாட்டேன். நீங்க வெள்ளைக்காரங்க, ஹாலுக்கே தலைவி. உங்களுக்கு இது எதுக்கு? பதினேழு வருஷமா இங்க யாரையும் உங்க வீட்டு வாசல் மிதிக்க விட்டதில்லையாமே. அப்படி ஒதுங்கியே இருக்கிறவங்க எதுக்காக இப்படிச் செய்யணும்?

— மறுபடி அடிக்குது. அந்த ஃபோனை இப்படித் தள்ளு.

— என்ன சொல்லப் போறீங்க?

— ஹலோ, பிரான்ட் சார். யாரும் ஏமாறல. எண்பத்தொண்ணுன்னு எழுதினது நான்தான். யாரைப் பார்த்து எழுதினேன்னா கேக்குறீங்க? நான் பிறந்து வளர்ந்த சென்ட்ரல் அவென்யூல இருக்கா சார், என் கூடப் பிறந்த அக்கா பெத்த பொண்ணு.